வைகையும் ஒரு தேசிய நீர்வழிதான்

மதுரையில் யாரிடமாவது “வைகை ஒரு தேசிய நீர்வழி” என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையைத் திறந்து தண்ணீர் விட வேண்டியிருக்கிறது, அதில் கப்பலா? ஆனால் சட்டப்படி அது உண்மை. 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நீர்வழிகள் சட்டத்தின் அட்டவணையில் மொத்தம் 111 நீர்வழிகள் இருக்கின்றன. அதில் வைகைக்கு 107-வது எண். காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து 55. பாலாறு 75. தாமிரபரணி 99.

இந்த எண்களைப் பார்த்து வரிசைக்கு ஏதோ அர்த்தம் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். முதல் ஐந்தும் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவை. ஆறிலிருந்து 111 வரை ஆங்கில அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் வாரணாசியில் சாக்கடையாகிப்போன அசி என்ற சின்ன ஓடை 12-வது இடத்தில் இருக்கிறது, யமுனை 110-ல் கிடக்கிறது.

சரி, கப்பல் போகாத ஆற்றை எதற்குத் தேசிய நீர்வழி என்று அறிவிக்க வேண்டும்? இது நீரைப் பற்றிய கேள்வி இல்லை, அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. நம் அரசியலமைப்பில் ஆற்று நீர் மாநிலப் பட்டியலில் வருகிறது. ஆனால் ஒரு நீர்வழியை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் ‘தேசிய நீர்வழி’ என்று அறிவித்துவிட்டால், அதில் இயந்திரப் படகுகளின் போக்குவரத்து மத்தியப் பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் அந்த ஆற்றை ஆராயவும், தூர்வாரவும், துறை கட்டவும் இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் பணம் செலவழிக்கலாம். 1986-ல் தொடங்கிய இந்த ஆணையத்தின் தலைமையகம் நொய்டாவில் இருக்கிறது. அறிவிப்பு என்பது அனுமதிச் சீட்டு மாதிரி. பயணம் வேறு. 111-ல் உண்மையிலேயே சரக்கோ பயணிகளோ போகிறவை சுமார் முப்பதுதான்.

அப்படியானால் ஓர் ஆற்றை நீர்வழியாக்குவது எது? ஒரே சொல்லில், ஆழம். தண்ணீர் நிறைய இருப்பதும் ஆழம் இருப்பதும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் ஆறு, இடுப்பளவு ஆழம்கூட இல்லாமல் மணல் திட்டுகளாகப் பிரிந்து கிடக்கலாம். சரக்குப் படகுக்கு அகலம் அவ்வளவாக வேண்டாம். 45 மீட்டர் அகலத்தில் ஒரு தடம் போதும். ஆனால் அந்தத் தடம் முழுக்க, ஒரு இடம் விடாமல், ஆண்டு முழுக்க, குறைந்தபட்ச ஆழம் இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டரில் தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர் மூன்று மீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டர் மட்டும் ஒன்றரை மீட்டர் என்றால், அந்த நீர்வழியின் ஆழம் ஒன்றரை மீட்டர்தான். கண்ணாடிக் குடுவைக்குக் கழுத்து எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஊற்ற முடியும் என்பது போல.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 70 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் பெட்டி மாதிரித் தட்டையான ஒரு சரக்குப் படகு என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 840 சதுர மீட்டர். அது 10 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 84 கன மீட்டர் நீரை ஒதுக்கித்தள்ளும். அதாவது 84 டன் சரக்கைக் கூடுதலாகத் தாங்கும். இதையே திருப்பிப் போடுங்கள். கோடையில் ஆற்றின் ஆழம் அரை மீட்டர் குறைந்தால் 420 டன் சரக்கைத் துறையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கிட்டத்தட்ட இருபத்தைந்து லாரிச் சுமை. ஆனால் டீசலும் ஆள்கூலியும் அப்படியே. பாதி காலியாகப் போகும் படகு லாரியோடு போட்டி போட முடியாது.

கங்கையில் இதுதான் நடக்கிறது. ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1620 கிலோமீட்டர், நாட்டின் முதல் தேசிய நீர்வழி, 1986-ல் அறிவித்தார்கள். உலக வங்கிக் கடனோடு நடக்கும் ‘ஜல் மார்க் விகாஸ்’ திட்டத்தில் இதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆழ இலக்கு வைத்திருக்கிறார்கள். கடல் பக்கமிருந்து பிகாரின் பாட் ஊர் வரை 3 மீட்டர், அங்கிருந்து காஜிபூர் வரை 2.5, மேலே வாரணாசி வரை 2.2. ஏன் இந்த வித்தியாசம் என்றால், மேலே போகப் போக உபநதிகள் குறைகின்றன, தண்ணீரும் குறைகிறது. அந்தத் தண்ணீரும் முக்கால்வாசி நான்கு மாத மழையில் வந்துவிடுகிறது. ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக்கு ஆல்ப்ஸ் பனியும் ஏரிகளும் கோடையில் கைகொடுக்கின்றன. கங்கைக்கும் இமயப் பனி உண்டு, ஆனால் கோடையில் பாசனத்துக்கு எடுக்கும் நீர் அதைவிட அதிகம். இந்திய ஆறு எதுவாக இருந்தாலும் இந்தப் பங்காளிச் சண்டையில் படகுக்குக் கடைசிப் பந்திதான்.

அதோடு வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் உலகிலேயே அதிக வண்டல் சுமக்கும் ஆறுகளில் சேர்ந்தவை. இந்த ஆண்டு தோண்டிய தடம் அடுத்த வெள்ளத்தில் மூடிவிடும், புதுத் தடம் வேறொரு கரையோரமாகத் திறக்கும். எனவே தூர்வாரும் இயந்திரம் ஆண்டுதோறும் வேலை செய்ய வேண்டும். இதற்குப் பழைய மலிவான வழி ஒன்றும் உண்டு. வடக்கே ‘பாந்தல்’ என்பார்கள். மூங்கில் கம்புகளை ஆற்றில் சாய்வாக நட்டு, மூங்கில் தட்டிகளைக் கட்டி நீரின் மேற்பரப்பை மறிப்பார்கள். ஓட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுத்தடத்தில் வேகம் கூடி, ஆறே மணலை அரித்துக்கொண்டு போய்விடும். ஆற்றைக் கொண்டே ஆற்றைத் தூர்வாருவது. இன்றும் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

தடம் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்று மாலுமிக்குத் தெரிய வேண்டும். அதற்காக மிதவைகளும் கரையோரக் குறிகளும், இரவில் ஓட்ட விளக்குகளும் வைக்கிறார்கள். பாலங்களின் உயரம் அடுத்த தலைவலி. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் பெரிய இரும்புப் பீப்பாய்களை வரிசையாக மிதக்கவிட்டு மேலே பலகை போட்டு, வறண்ட மாதங்களுக்கு மட்டும் தற்காலிகப் பாலம் கட்டுவார்கள். கரையோர மக்களுக்கு அது உயிர்நாடி. படகு வந்தால் நடுவில் சில பீப்பாய்களைக் கழற்றி வழிவிட்டு, மறுபடி பூட்ட வேண்டும்.

அணை குறுக்கே வந்தால் என்ன செய்வது? இதற்குத்தான் லாக் என்கிற நீர்ப்பூட்டு. மேற்கு வங்கத்தில் பராக்கா தடுப்பணை 1975-ல் இயங்கத் தொடங்கியது. கங்கை நீரில் ஒரு பங்கை 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக ஹூக்ளி ஆற்றுக்குத் திருப்புகிறது. அணைக்கு மேலே நீர்மட்டம் உயரம், கால்வாய்ப் பக்கம் தாழ்வு. இடையில் சுமார் 180 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கான்கிரீட் தொட்டி, இரு முனையிலும் கதவு. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேல்பக்கத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விடுவார்கள். மட்டம் ஏற ஏறப் படகும் ஏறும். மேல்மட்டத்துக்குச் சமமானதும் முன்கதவைத் திறக்கலாம், படகு போய்விடும். இறங்கும்போது இதே வேலை தலைகீழாக. பம்பு கிடையாது, நீரின் எடைதான் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போகும், அதுதான் செலவு.

பராக்கா பற்றிப் பேசும்போது உல்லம் மீனைச் சொல்லாமல் விடக்கூடாது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் இந்த மீன், ஒரு காலத்தில் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) வரை போகும். தடுப்பணை வந்ததும் மேலே மீன்பிடி படுத்துவிட்டது. படகுக்குக் கட்டிய பூட்டு வேலை செய்தது, மீனுக்கென்று வைத்த வழி பலிக்கவில்லை. கங்கை ஓங்கிலுக்கும் (டால்பின்) கஷ்டம்தான். பார்வை இல்லாத இந்தத் தேசிய நீர்வாழ் விலங்கு ஒலியைக் கொண்டே இரை தேடுகிறது. பிகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை இதற்காகவே 1991-ல் விக்ரம்ஷிலா சரணாலயம் அமைத்தார்கள். முதல் தேசிய நீர்வழி அதன் நடுவே போகிறது. படகின் இரைச்சல், தூர்வாருவதில் கிளம்பும் கலங்கல் இரண்டும் அதற்குக் கெடுதல்.

இவ்வளவு தொல்லை இருந்தும் நீர்வழி எதற்கு? நீரில் மிதக்கும் பொருளை நகர்த்த ஆகும் சக்தி மிகக் குறைவு, அதுதான் காரணம். வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது: ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோவை இழுக்கும், தண்டவாளத்தில் 500 கிலோவை, நீரில் 4000 கிலோவை. 2000 டன் படகு ஒன்று, 16 டன் லாரி 125-க்குச் சமம். பின் ஏன் நாட்டின் மொத்தச் சரக்கில் சுமார் 2 சதவீதம் மட்டும் நீரில் போகிறது?

சிக்கல் இரு முனைகளில். ஆலை ஆற்றங்கரையில் இல்லையென்றால் ஆலையிலிருந்து துறைவரை ஒரு லாரி, அந்தத் துறையிலிருந்து கடைவரை இன்னொரு லாரி. ஏற்றி இறக்கும் கூலி நான்கு முறை. நடுவில் ஆற்றில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். போகும்போது சிமெண்ட் இருந்தால் வரும்போது என்ன இருக்கிறது என்ற கேள்வி அடுத்தது. திரும்புகாலச் சரக்கு இல்லாத படகு நஷ்டத்தில்தான் ஓடும். 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து கங்கை வழியாக வாரணாசிக்கு முதல் முறையாகக் கன்டெய்னர்கள் வந்து இறங்கின, பெரிய விழாவும் நடந்தது. விழா நடத்துவது சுலபம். வாராவாரம் குறித்த நாளில் படகு வரும் என்று வியாபாரி நம்ப வேண்டும், அது கஷ்டம்.

எங்கே எல்லாம் இந்தக் கணக்கு சரியாக வருகிறது என்று பாருங்கள், ஒரு பொதுத்தன்மை தெரியும். மகாராஷ்டிரத்தின் அம்பா ஆற்றுக் கழிமுகம், 10-வது தேசிய நீர்வழி: உருக்காலை கரையிலேயே இருக்கிறது, நிலக்கரியும் இரும்புத்தாதும் கடலிலிருந்து படகில் நேராக வந்து இறங்குகின்றன. கோவாவின் மாண்டவி, ஜுவாரி: சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது படகில் இறங்கி மர்மகோவா துறைமுகத்துக்குப் போகும், 2012-ல் சுரங்கங்களுக்குத் தடை விழும்வரை இது பெரிய தொழில். மேற்கு வங்க அனல்மின் நிலையச் சாம்பல், வங்கதேச சிமெண்ட் ஆலைகளுக்கு: இரு பக்கமும் ஆற்றோரம், இரு நாடுகளும் 1972-ல் போட்ட நீர்வழி உடன்பாட்டின் கீழ். கொச்சியில் உத்யோகமண்டல் கால்வாய்: உர ஆலைக்கு மூலப்பொருள் துறைமுகத்திலிருந்து படகிலேயே வரும். எல்லாமே பெருமொத்தச் சரக்கு, அவசரமில்லாத சரக்கு, துறைக்கு ஒட்டிய ஆலை. பெரும்பாலும் கடலின் ஓதம் ஏறி இறங்கும் இடம், அதாவது ஆழம் இலவசமாகக் கிடைக்கும் இடம். 2013-14-ல் 1.8 கோடி டன்னாக இருந்த நீர்வழிச் சரக்கு 2023-24-ல் 13.3 கோடி டன் ஆனது என்று அரசு சொல்வது சரிதான். ஆனால் அதில் பெரும் பங்கு இப்படிப்பட்ட குட்டையான கழிமுகங்களில் நடப்பது. நீண்ட ஆற்றுப் பயணமாக நாம் மனத்தில் நினைக்கும் படம் வேறு.

இன்னொரு வகைச் சரக்கும் உண்டு. சாலையில் போகவே முடியாதது. திரிபுராவின் பாலாட்டானாவில் 726 மெகாவாட் மின் நிலையம் கட்டியபோது ராட்சத எந்திரங்களை அஸ்ஸாம் மலைப்பாதையில் கொண்டுபோக வழியில்லை. வங்கதேச ஆறுகள் வழியாக ஆசுகஞ்ச் துறைக்குப் படகில் கொண்டுபோய், அங்கிருந்து கொஞ்ச தூரம் சாலையில் ஏற்றினார்கள்.

இதுவரை ஆறுகளைப் பற்றித்தான் பேசினேன். வெட்டிய கால்வாய்களின் கதை வேறு, நமக்கு நெருக்கமானதும் அதுதான். சென்னையிலிருந்து வடக்கே எண்ணூருக்கு 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே கிருஷ்ணா டெல்டாவரை, தெற்கே மரக்காணம்வரை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். சென்னை நகரத்துக்குள் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி. 1876-78 தாதுப் பஞ்சத்தில் பட்டினியால் நகரத்துக்கு வந்து குவிந்தவர்களைக் கூலிக்கு வைத்து அந்தத் துண்டை வெட்டி முடித்தார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் மொத்தத்துக்கும் ஒட்டிக்கொண்டது. வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

கடலுக்கு இணையாக, கடல் மட்டத்திலேயே ஓடும் உப்புநீர்க் கால்வாய் இது. அதற்கென்று ஊற்றோ அணையோ கிடையாது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு போன்றவற்றின் முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஓதம் உள்ளே வந்தால்தான் தண்ணீர். ஓதம் வடிந்தாலும் உள்ளே ஆழம் இறங்காமல் இருக்க ஆங்காங்கே பூட்டுக் கதவுகள். முகத்துவாரத்தை மணல் மூடினால் கால்வாய் செத்துப்போகும். காற்று வாகாக இருந்தால் பாய், இல்லையென்றால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிற்றால் இழுப்பார்கள். சென்னைக்கு விறகும் உப்பும் நெல்லும் கருவாடும் இதில்தான் வந்தன. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் இருக்கும் ‘பேசின்’, அந்தப் படகுகள் நின்று சரக்கு இறக்க வெட்டிய நீர்த்தொட்டிதான்.

கோதாவரிப் பக்கம் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வேறு மாதிரிச் செய்தார். 1847-க்கும் 1852-க்கும் இடையில் தவளேஸ்வரத்தில் அணைக்கட்டு எழுப்பி, அதிலிருந்து பிரியும் கால்வாய்களைப் பாசனத்துக்கும் படகுக்கும் சேர்த்தே வெட்டினார். இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாயே ஏற்றது என்று கடைசிவரை வாதாடியவர் அவர். கேட்க அழகான யோசனை. ஆனால் வயலும் படகும் கால்வாயிடம் கேட்பது நேர் எதிரானவை. பாசனக் கால்வாய்க்குச் சரிவு வேண்டும், நீர் ஓட வேண்டும், போகப் போக வாய்க்கால்களாகப் பிரிந்து குறைய வேண்டும், கோடையில் மராமத்துக்காக மூட வேண்டும். படகுக்கோ நீர் அசையாமல், குறையாமல், மூடாமல் இருக்க வேண்டும். 1854-ல் திறந்த மேல் கங்கைக் கால்வாயிலும், நீர் கொட்டும் ஒவ்வொரு இடத்திலும் படகுக்கெனத் தனிப் பக்கவழியும் பூட்டும் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் ரயில் வந்தது. மழையோ கோடையோ, அதே நேரத்துக்கு வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் இப்படி ஒன்று பாதியில் நின்றது. 1860-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய ‘அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்’ கால்வாய். சாமி, மகாராணி, மகாராஜா மூவர் பெயரும் ஒரே கால்வாய்க்கு. பூவாறிலிருந்து கன்னியாகுமரிவரை போக நினைத்தது மண்டைக்காட்டுக்கு அப்பால் போகவில்லை. இன்று ஏவிஎம் கால்வாய் என்றால்தான் ஊரில் தெரியும். அதன் ஒரு துண்டு 13-வது தேசிய நீர்வழி.

கேரளத்தில் மட்டும் நிலைமை வேறு. இயற்கையே காயல்களைக் கடற்கரையோரம் கோத்துக் கொடுத்துவிட்டது, இடையில் விட்ட இடத்தை மனிதர்கள் வெட்டினார்கள். வர்க்கலையில் குன்று குறுக்கிட்டபோது அதைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் போட்டார்கள், 1880-க்குள். கொல்லம்–கோட்டப்புரம் வழி 1993-ல் 3-வது தேசிய நீர்வழியானது, பிறகு கோழிக்கோடுவரை நீட்டினார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளங்கள் அரிசி சுமந்த காலம் போய், இன்று அவை சுற்றுலாப் படகுகளாகிவிட்டன. ஆனால் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பள்ளிக்கும் வேலைக்கும் அரசுப் படகில் போவது இன்றும் சாதாரணம். 2017-ல் வைக்கத்தில் சூரிய சக்திப் படகு வந்தது. 2023 ஏப்ரலில் கொச்சியில் மின்கலப் படகுகளோடு நீர் மெட்ரோ தொடங்கியது. இங்கே சரக்கைவிட ஆள்தான் முக்கியம், அதுவும் தீவிலிருந்து தீவுக்கு. லாரியோடு போட்டியே இல்லை.

பக்கிங்காம் கால்வாய்க்கு வருவோம். ரயிலும் சாலையும் அதன் வேலையைப் பறித்தன, 1965, 1976 புயல்கள் உடைத்தன, நகரம் தன் கழிவுநீரைக் கொட்டியது. 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைப் பல இடங்களில் உள்வாங்கிக்கொண்டு கடைசியாக ஓர் உதவி செய்தது. சென்னைக்குள் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் கீழே எட்டிப் பார்த்தால், ரயிலின் தூண்கள் நிற்பது அந்தக் கால்வாயில்தான் என்பது தெரியும். அந்தக் கால்வாயும் இன்று தேசிய நீர்வழிதான், 4-வது எண். 2008-ல் அறிவித்தபோது காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரிவரை கால்வாய்களும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் சேர்ந்து 1078 கிலோமீட்டர். பக்கிங்காம் கால்வாய் மட்டும் அதில் 426. வேலை முதலில் தொடங்கியது அங்கே இல்லை. கிருஷ்ணா ஆற்றில், முக்தியாலாவிலிருந்து விஜயவாடாவரை 82 கிலோமீட்டர் தூரத்தில் தொடங்கினார்கள். விஜயவாடாவில் பிரகாசம் தடுப்பணை இருக்கிறது, அதற்கு மேலே ஆற்றில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.